கோரின் கல்யாணத்துக்கு வந்த கிண்ணம்

ஒட்டம்வா, அயோவா
2 மார்ச் 1909

தம்பி எம்மெட்டுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அத்தான். அங்கே நீயும் ஓர்ஃபாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடைசிக் கடிதம் நாலே வரி, அதுவும் காகிதத்தில் சறுக்கிக்கொண்டு கீழே போயிருந்தது. குடித்துவிட்டு எழுதினாயா?

நல்ல சேதிக்கு வருகிறேன். கோரினுக்குக் கல்யாணம், ஜூன் பதினாறு. பையன் பெயர் ஹார்லன். அவன் அப்பா ஏமஸ் பிராதர் மெயின் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறார். கடை ஜன்னலில் கறுப்பு வெல்வெட் விரித்து சக்கரத்தில் கோடும் நட்சத்திரமுமாகச் செதுக்கிய வெட்டுக் கண்ணாடிச் சாமானாக அடுக்கி வைத்திருப்பார். அதைப் பார்க்கவே பெண்கள் அந்தப் பக்கம் நடப்பார்கள். போன ஞாயிறு சர்ச் வாசலில் அவரிடம், என் தம்பி கார்னிங்கில் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிறான் என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டார் மனிதர். என் பெண்ணின் அழகுக்குக்கூட அவர் அப்படிக் கழற்றவில்லை.

ஆகவே கல்யாணப் பரிசு மேஜையில் நடுவே உன் கிண்ணம் உட்கார வேண்டும். இரண்டு நாள் முன்பே முன்னறையில் பரிசையெல்லாம் பரப்பி, கொடுத்தவர் பெயர்ச் சீட்டோடு வைப்போம். ஊரே வந்து பார்த்து எடை போடும். இங்கே ஒருவன் அச்சில் ஊற்றிய கண்ணாடியைச் சக்கரத்தில் லேசாகக் காட்டிவிட்டு வெட்டுக் கண்ணாடி என்று விற்கிறான். நீ நாலு வருஷத்துக்கு முன் வந்தபோது அவன் கடையில் நின்று, "இது கண்ணாடி இல்லய்யா, கெட்டியாப் போன ஜெல்லி" என்றாயே, அதை உன் அத்தான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அந்த வாய்க்குச் சொந்தக்காரனின் கை எப்படியிருக்கும் என்று இந்த ஊர் பார்க்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா லவினியா

*

கார்னிங், நியூயார்க்
15 மார்ச் 1909

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். அத்தான் முழங்காலுக்கும் அத்தானுக்கும் என் விசாரிப்பு. இது ஓர்ஃபாவின் கையெழுத்து. எனக்கு மணிக்கட்டில் சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சறுக்காமல் நேராக எழுதுகிறாள் பார்.

கோரினுக்கா கல்யாணம்? போன தடவை பார்த்தபோது அவள் மரத்திலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் அனுப்புகிறேன். ஒன்பது அங்குலம், அடியில் இருபத்து நாலு முனை நட்சத்திரம். வீட்டுக் கல்யாணம் என்றால் பட்டறையில் மூத்த ஆட்களுக்கு ஒரு சாதாக் கிண்ணம், அதாவது வெட்டாத வெறும் கிண்ணம், சும்மா கொடுப்பது வழக்கம். முதலாளி லோரிமரிடம் கேட்டுவிட்டேன்.

இந்த பிராதர் சாமான் விற்கிறவர் மட்டும்தானா, இல்லை கையில் எடுத்துப் பார்க்கிறவரா? சும்மா கேட்டேன்.

ஓர்ஃபா உன்னிடம் ருபார்ப் ஜாம் பக்குவம் கேட்கச் சொன்னாள்.
எம்மெட்

*

கார்னிங், நியூயார்க்
24 மே 1909

அக்காவுக்கு,

நலம். இன்று கிண்ணம் கிளம்பியது. பட்டறையில் கழுவிப் பொதிகிற மிசஸ் டூலி வைக்கோலும் காகிதமுமாகச் சுற்றி, பெட்டிக்கு அவளே ஆணி அடித்தாள். அவள் பொதிந்தால் ரயில் கவிழ்ந்தாலும் கீறல் விழாது.

கல்யாணத்துக்கு நாங்கள் வர முடியவில்லை. பட்டறையில் வேலை நெருக்கடி. கோரின் கோபித்துக்கொள்ள வேண்டாம். மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை.

எல்லோருக்கும் என் அன்பு.
எம்மெட்

*

ஒட்டம்வா, அயோவா
20 ஜூன் 1909

எம்மெட்,

எல்லோரும் சுகம், நான் மட்டும் இல்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. மழை இல்லை, பாதிரியார் சுருக்கமாக முடித்தார். எலுமிச்சை கேக் போதாமல் போனது ஒன்றுதான் குறை. மற்றதைக் கேள்.

கிண்ணத்தை மேஜை நடுவே, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தேன். செலரித் தண்டு வைக்கிற நீளத் தட்டு மட்டும் ஏழு வந்திருந்தது, ஏழையும் ஓரமாகத் தள்ளினேன். பதினாலாம் தேதி சாயங்காலம் பிராதர் வந்தார். அறையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். நேராக உன் கிண்ணத்திடம் போய், விளிம்பை நகத்தால் தட்டினார். பிறகு வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்து இப்படியும் அப்படியும் ஓட்டினார். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அச்சுல ஊத்துனது. பெரிய கோட்டுல மட்டும் சக்கரம் மேலாக ஓடியிருக்கு."

"என் தம்பி வெட்டுனதுங்க" என்றேன்.

"நிஜமா வெட்டியிருந்தா விளிம்பு கத்தி மாதிரி நிக்கும். என் விரல் கூசவே இல்லையே."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பத்துப் பெண்களின் இருபது காதும் அங்கேதான் இருந்தன. அடுத்த நாள் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பேச்சுப் பேசினார்கள். மூன்று மாதமாக நான் அடித்த பெருமைக்கு இது தேவைதான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அவமானம், சொல்லாமல் என்ன.

ஆனால் என் தம்பியை எனக்குத் தெரியும். நீ அச்சுக் கண்ணாடியைத் தொடுகிறவன் இல்லை. நீ வெட்டியதை எடுத்துக்கொண்டு யாரோ இதைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உன் பெயருக்கு நேர்ந்த களங்கம் இது, என் பெயருக்கு அப்புறம். யார் வேலை என்று விசாரித்து உடனே எழுது.

லவினியா

*

ஒட்டம்வா, அயோவா
18 ஜூலை 1909

எம்மெட்,

சுகமாக இருக்கிறாயா என்பதைக்கூட நான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு வாரம் ஆகிறது, பதில் இல்லை. கோரின் புது வீட்டில் நன்றாக இருக்கிறாள். கிண்ணத்தை விட்டுவிடம்மா என்கிறாள். விட மாட்டேன். பிராதர் தன் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்ல மாட்டார் என்று எனக்கு யார் உத்தரவாதம்? இருபத்தாறு வருஷம் சக்கரத்தின் முன் நின்றவனைக் கடைசியில் ஒட்டம்வா நகைக்கடையில் ஏமாற்றுக்காரன் என்பார்களா?

இந்த மாத முடிவுக்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் லோரிமருக்கு நானே எழுதுகிறேன்.

ஓர்ஃபாவுக்கு என் அன்பு. ஜாம் பக்குவம் இத்துடன்.
லவினியா

*

கார்னிங், நியூயார்க்
28 ஜூலை 1909

அண்ணிக்கு,

நீங்கள் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம். ஜாம் நன்றாக வந்தது, எட்டு ஜாடி போட்டேன். தக்காளி இந்த வருஷம் தாமதம். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு நாய் வாங்கியிருக்கிறார்கள், ஓயாமல் குரைக்கிறது.

கிண்ணம் விஷயம். அவர் கையிலிருந்து எப்படிப் போனதோ அப்படியே உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவர் சொல்லச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. தயவுசெய்து பட்டறைக்கு எழுத வேண்டாம் அண்ணி. இது நான் கேட்பது. காரணம் கேட்காதீர்கள்.

கோரினுக்கு எங்கள் ஆசி.
ஓர்ஃபா

*

ஒட்டம்வா, அயோவா
2 ஆகஸ்ட் 1909

ஓர்ஃபாவுக்கு,

எல்லோரும் சௌகரியம். உன் கடிதம் நேற்று வந்தது. லோரிமருக்கு நான் எழுதிய கடிதம் முப்பதாம் தேதியே தபாலில் போய்விட்டது. மாத முடிவு வரை என்றேன், ஒரு நாள் முந்திக்கொண்டேன், பொறுமை என் குணமில்லை.

எழுதியது இதுதான்: என் தம்பிக்கு நீங்கள் கொடுத்த சாதாக் கிண்ணத்தை அவன் வெட்டித் தந்தான், எங்களுக்கு வந்தது அச்சில் ஊற்றியது, நடுவே கைபட்டது பொதிகிற மிசஸ் டூலி ஒருத்திதான், ஆகவே அவளை விசாரியுங்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? எம்மெட்டுக்காகத்தானே எழுதினேன். அவன் யாரையாவது காப்பாற்றப் பார்க்கிறானா? அந்த டூலி யார் அவனுக்கு?

நீ பயப்படுவது எழுத்தில் தெரிகிறது. எதற்கு என்று மட்டும் தெரியவில்லை. சொல்.

லவினியா

*

கார்னிங், நியூயார்க்
5 ஆகஸ்ட் 1909

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் பகல் தபாலில் வந்தது. அவர் பட்டறையில் இருக்கிறார், இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை, மன்னியுங்கள்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஜனவரியில் தொடங்கியது. எதை நேராகப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஓரங்கள் தெரிகின்றன, அதனால் தெருவில் நடக்கிறார், படி ஏறுகிறார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் முகம் தெரிவதில்லை, என் காது தெரிகிறது என்கிறார். எல்மைராவில் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்ந்துவிட்டது, மூக்குக்கண்ணாடியால் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார். மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை.

சாதாக் கிண்ணத்தில் சிவப்பு மையால் மெல்லிய கோடுகள் போட்டுத் தருவார்கள். வெட்டுகிறவர் கிண்ணத்துக்குள் குனிந்து, கண்ணாடி வழியாகவே கீழே சக்கரம் எங்கே தொடுகிறது என்று பார்த்து அந்தக் கோட்டில் அழுத்த வேண்டும். இவரால் அது முடியாது. அச்சில் ஊற்றியதில் பள்ளம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் சக்கரம் தானாக விழுந்துவிடும். கை போதும். பட்டறையில் இரண்டு வகையும் செய்கிறார்கள். மூத்த ஆட்கள் அச்சைத் தொட மாட்டார்கள். இவர் தானாகப் போய் அந்த வேலையைக் கேட்டார். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். லோரிமர் ஏன் என்று கேட்கவில்லை, ஒரு நல்ல கை கிடைத்ததே என்று கொடுத்துவிட்டார். பத்தொன்பது மாதம் இப்படி ஓட்டிவிட்டோம். தெரிந்தால் அன்றைக்கே சக்கரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள்.

கோரினுக்காகச் சாதாக் கிண்ணம்தான் வாங்கினார். அவளுக்காவது பார்த்து வெட்டிவிடலாம் என்று நினைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது எடுத்தார். இரண்டாவது கோட்டிலேயே சக்கரம் வழுக்கி விளிம்பு வரை இழுத்துவிட்டது. அந்தக் கிண்ணத்தை மேல்கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அதில் முட்டை வைக்கிறேன். பிறகு அச்சு வார்ப்பு ஒன்றை எடுத்து உங்களுக்கு அனுப்பினார். அனுப்பிய அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மிசஸ் டூலி ஒரு பாவமும் அறியாதவள். புருஷன் இல்லை. நீங்கள் தவறாக எழுதிவிட்டதாக லோரிமருக்குத் தந்தி கொடுங்கள். உடனே.

ஓர்ஃபா

*

கார்னிங், நியூயார்க்
10 ஆகஸ்ட் 1909

திருமதி லவினியா டீட்டர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களது ஜூலை 30 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தங்கள் சகோதரருக்குச் சாதாக் கிண்ணம் ஒன்று வழங்கப்பட்டது எங்கள் பதிவில் உள்ளது. ஆகவே பொதியும் பெண்ணை நேற்று விசாரித்தோம். விசாரணையின் நடுவில் தங்கள் சகோதரர் திரு. எம்மெட் வூர்ஹிஸ் தாமாக முன்வந்து, கிண்ணத்தை மாற்றியது தாமே என்று தெரிவித்தார். காரணமும் தெரிவித்தார்.

உறுதி செய்துகொள்வதற்காக ஒரு சாதாக் கிண்ணத்தைக் கொடுத்து ஒரு கோடு வெட்டச் சொன்னோம். அவர் வெட்டவில்லை. பார்வை குறைந்த ஒருவரைச் சுழலும் சக்கரத்தின் முன் நிறுத்துவது அவருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள். நேற்றோடு அவர் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் மீது வேறு குறை எதுவும் எங்களுக்கு இல்லை.

எங்கள் பட்டறையின் பெயருக்கு இழுக்கு வராமலிருக்க, முழுவதும் சக்கரத்தில் வெட்டிய ஒன்பது அங்குலக் கிண்ணம் ஒன்று தங்கள் மகளுக்கு இலவசமாக அனுப்பப்படுகிறது. இதை எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி. தங்கள் தந்தி இன்று காலை வந்தது.

தங்கள் உண்மையுள்ள,
எச். லோரிமர்

*

ஒட்டம்வா, அயோவா
16 ஆகஸ்ட் 1909

எம்மெட்,

எப்படி இருக்கிறாய் என்று எழுத எனக்கு முகமில்லை. தந்தி ஒரு நாள் பிந்திவிட்டது என்று லோரிமர் நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். அந்த நன்றியைப் படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போட எழுந்தேன். பிறகு போடவில்லை. நான் செய்த காரியம் எனக்கு எழுத்தில் இருக்கட்டும்.

அவர் அனுப்பிய கிண்ணம் வந்தது. பிராதர் கட்டைவிரலை வைத்ததும், "இதுதான் சரக்கு" என்றார். கோரின் அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமனார் முன்னாலேயே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பச் சொன்னாள். நீ அனுப்பியதில்தான் அவள் பீச் பழம் வைத்திருக்கிறாள். இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று யோசித்தால் பதில் தெரிகிறது. உன் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என் பெருமையைத்தான் காப்பாற்றினேன். என்னை மன்னித்துவிடு.

செப்டம்பர் கடைசியில் நான் அங்கே வருகிறேன். ஒரு மாதமாவது கூட இருக்கிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

கார்னிங், நியூயார்க்
12 செப்டம்பர் 1909

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. ஓர்ஃபாவும் நலம். அத்தானையும் கோரினையும் கேட்டதாகச் சொல்.

நாலு வாரமாக எழுதாததற்குக் காரணம், என்ன எழுதினாலும் அது உன்னைத் திட்டுவதாகவே முடிந்தது. ஓர்ஃபா அதையெல்லாம் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள். இன்று ஒருவாறு எழுத வைத்திருக்கிறேன்.

அன்று நடந்ததை லோரிமர் முழுதாக எழுதியிருக்க மாட்டார். என்னைக் கூப்பிடவே இல்லை. நான் சக்கரத்தில் இருந்தேன். மிசஸ் டூலி அழுகிற சத்தம் கேட்டது. உன் கடிதத்தை அவள் முன்னால் வாசித்திருக்கிறார்கள். வேலைக்காரர் எல்லோரும் பார்க்க அவள் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் எல்லோருடைய கண்ணாடியையும் கழுவியவள். நான் பேசாமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள், நான் இருந்திருப்பேன். ஒரு நிமிஷம் பேசாமல்தான் இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகவும் உன்மேல் கோபம்.

போய்ச் சொன்னேன்: "அந்தம்மா தொடல. மாத்துனது நான்தான். எனக்குக் கண்ணு தெரியல."

என்னோடு வேலை செய்தவர்களில், நான் அச்சு வேலைக்குப் போனபோது சிரித்தவன் ஒருத்தன் என் மேல்கோட்டை எடுத்துவந்து மாட்டிவிட்டான். லோரிமர் சாதாக் கிண்ணத்தை நீட்டினார். கையில் வாங்கி எடை பார்த்தேன். நல்ல கண்ணாடி. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிவதனால் கோபம் குறையவில்லை. என்னை ஒன்றரை வருஷத்துக்கு மேல் யாரும் கண்டுபிடிக்கவில்லை, சொந்த அக்கா நீ ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு ஒரு தபால்தலையில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாய். அதனால் செப்டம்பரில் வராதே. குளிர்காலத்திலும் வேண்டாம். எப்போது என்று நானே சொல்கிறேன். அதுவரை உன் குரலைக் கேட்க எனக்கு மனமில்லை. ஓர்ஃபா இந்த வரியைக் குறைத்து எழுதப் பார்த்தாள், விடவில்லை.

கோரினிடம் மட்டும் சொல், அந்தக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றக்கூடாது, விரிசல் விடும்.

எம்மெட்

அண்ணிக்கு,

மேலே இருப்பது முழுவதும் அவர் சொன்னபடி. திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார், படித்துக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

இனி நான் எழுதுவதை அவரால் படிக்க முடியாது. காலையில் ஆறு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு தயாராகிவிடுகிறார். பிறகு நாள் முழுவதும் அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் ஒரு கோபச் சொல்கூடப் பேசுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசுகிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது உங்களுக்குச் சொல்லச் சொல்ல எழுதும்போது மட்டும்தான். அவர் கத்துவதற்கு ஒரு ஆள் இந்த வீட்டில் வேண்டும், என்னிடம் அவர் கத்த மாட்டார்.

இந்த மாதமே வாருங்கள். வருகிற நாளை எனக்குத் தந்தியடிக்க வேண்டாம், அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். நேராக வந்து கதவைத் தட்டுங்கள்.

ஓர்ஃபா